மழைக்கு வழிவிட்ட வீடுகள்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கில் தொடங்கி, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தளக்கல் என்று அடுக்கி முடித்துவிடுவது வழக்கம். அண்ணாந்து கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பொருள்கள் எல்லாம் நூறாண்டுக்கு மேல் நனையாமல் நின்றதற்கு, உள்ளூர்க் குயவர் சுட்ட நாட்டு ஓடுதான் காரணம். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் பக்கத்தில் இருக்கும் கொத்தமங்கலத்தின் தெருக்களில் இந்த உண்மை கண்ணெதிரே நிற்கிறது. ஒரே காலத்தில், ஒரே கைப்பக்குவத்தில், ஒரே சுண்ணாம்பில் கட்டிய வீடுகளில் ஒன்று நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறது, இன்னொன்று கூரை உள்வாங்கி, நடுவாசலில் ஆலங்கன்று முளைத்துக் கிடக்கிறது. இரண்டின் மேலும் பெய்தது ஒரே மழைதான். ஆகவே, மழை வீட்டை அழித்தது என்று சொல்வது பாதி விடைகூட ஆகாது. மழையைத் தடுத்து நிறுத்தும் கோட்டையாக இந்த வீடுகளை யாரும் கட்டவில்லை. உள்ளே வரும் தண்ணீருக்கு வழி அமைத்து, அந்த வழியை ஆண்டுதோறும் ஆள் வைத்துத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் ஒரு வழக்கத்தின் மேல்தான் அவை நின்றன. வழக்கம் நின்ற இடத்தில் வீடும் விழத் தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இந்த ஊரின் மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். சிவகங்கைச் சீமைக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. கேட்பதற்குக் குறைவில்லாத கணக்கு. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையின் சில வாரங்களிலும், ஆவணி புரட்டாசியின் மாலைநேர இடிமழையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வானம் பொய்க்கும். வற்றாத ஆறு எதுவும் இந்தப் பக்கம் ஓடவில்லை. தரை செம்புராங்கல் பூமி. ஆகவே சுவரைக் கரைத்துவிடக்கூடிய அதே அடைமழைதான் சித்திரை வைகாசியில் குடிக்கத் தண்ணீரும் தரவேண்டும். மழை அதிகமான நாட்டில் தண்ணீரை வீட்டைவிட்டு விரட்டினால் போதும். வறண்ட நாட்டில் விரட்டவும் முடியாது, தேங்கவிடவும் கூடாது. இந்த இரட்டை நெருக்கடியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு விளங்கும்.

நாட்டு ஓடு, சக்கரத்தில் குழலாக வனைந்து, ஈரம் முழுவதும் காயுமுன் நீளவாக்கில் இரண்டாகக் கீறிச் சுட்டது. ஒரு வரிசையை மல்லாத்தி வைத்து, அதன் மேல் அடுத்த வரிசையைக் கவிழ்த்து வைத்தால் மல்லாந்த ஒவ்வொரு ஓடும் ஒரு சிறு வாய்க்கால் ஆகிவிடும். செட்டிநாட்டில் இதை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு போட்டார்கள். மேலடுக்கில் ஓர் ஓடு உடைந்தாலும் கீழடுக்கு தண்ணீரை வாங்கிக்கொள்ளும், வெயிலும் உள்ளே இறங்காது. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின், அந்தச் சீமை ஓடும் தமிழ்நாடெங்கும் பரவியது. அது இலேசானது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது. ஆனால் நடுவாசலைச் சுற்றி நாலாபுறமும் உள்நோக்கிச் சரியும் கூரைகளுக்கு நாட்டு ஓடே நெடுங்காலம் நீடித்தது. அந்த நாலு சரிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் மூலைகளில்தான் தண்ணீர் திரண்டு பாயும். கூரைக்கு உயிர்நிலை அங்கேதான். அந்த மூலைகளில் தகடு பதித்து, தகரக் குழாய் மாட்டி, முதல் மழையில் ஓட்டுத் தூசி கழுவி ஓடியபிறகு அடியில் அண்டாவும் கொப்பரையும் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். மிஞ்சியது நடுவாசலில் விழும். நடுவாசல் சுற்றுக்கட்டைவிடத் தாழ்வாக, கல் பாவி, ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்துக் கட்டியது. அந்த மூலையில் தூம்பு. தூம்பின் வழியே போன தண்ணீர் வீட்டின் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள சாக்கடைக் கால்வழியாகத் தெருவுக்கு வந்து, கோடு போட்டதுபோல் நேராக ஓடும் தெருக்களின் வடிகாலில் சேர்ந்து, ஊருணிக்கோ கண்மாய்க்கோ போய்ச் சேரும். கூரையின் ஓர் ஓட்டிலிருந்து ஊருணியின் படித்துறை வரைக்கும் அறுபடாத ஒரே பாதை அது. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணியை உவமையாக்கியதை எல்லோரும் அறிவோம். செட்டிநாட்டில் அந்த ஊருணியின் வரத்துக்கால் தனிவீட்டின் கூரையிலேயே தொடங்கிவிடுகிறது.

கூரையிலிருந்து நடுவாசலில் தண்ணீரை வாங்கும் வீடு உலகத்துக்குப் புதிதல்ல. பாம்பேயில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடைத்த ரோமானியர் வீடுகளிலும் நடுக்கூடத்தில் மழைத்தொட்டியும் அதன் அடியில் நிலத்தொட்டியும் இருந்தன. மலையாள நாட்டு நாலுகெட்டும் தஞ்சை அக்கிரகாரத்து முற்றமும் இதே குடும்பம். இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. செட்டிநாட்டு வீடுகள் தெருவிலிருந்து நாலைந்து படி ஏறிப் போகும்படி உயரமாக இருப்பதற்கு, பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவே காரணம் என்று சுற்றுலாக் கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வெள்ளத்தில் எல்லாம் இழந்து வந்தவர்கள் இனி ஒருபோதும் தண்ணீர் ஏறக்கூடாது என்று வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்பது கதை. அழகான கதைதான், ஆனால் சான்று அதன் பக்கம் இல்லை. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் தம் குடிப்பெயர்ச்சிக்குத் தாமே சொல்லிவரும் மரபு வரலாறு, பூவந்திச் சோழன் என்ற அரசனின் கொடுமையைத்தான் காரணமாகச் சொல்கிறது. கடல்கோளைச் சொல்வது மணிமேகலை, அதுவும் இந்திரவிழா மறந்ததன் தண்டனையாக. மேலும், இன்று நாம் காணும் மாளிகைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை. புகாரின் அழிவுக்கும் இவற்றுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. வெள்ளக் கதை எதுவும் இல்லாத நாலுகெட்டும் மேடையின்மேல்தான் நிற்கிறது.

உயரத்துக்கான காரணம் காலடியிலேயே கிடைக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் தரை ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். மேடை உயர்ந்தால் அந்த ஈரம் வசிக்கும் அறையின் சுவருக்கு வருமுன் வெளியே காய்ந்துவிடும். கரையான் ஏறுவதும் கண்ணில் படும். நடுவாசலின் தண்ணீர் தெருவுக்குத் தானாக வடிய வேண்டுமானால் வீடு தெருவைவிட உயர்ந்திருந்தே தீரவேண்டும். ஒரு மணி நேரத்தில் கொட்டும் இடிமழை தெருவடிகாலை நிரப்பிவிட்டாலும் தண்ணீர் திரும்பி உள்ளே வராது. இதற்குப் புகார் நினைவு வேண்டியதில்லை, கொத்தனாரின் இரசமட்டம் போதும். முன்னோர் வெள்ளத்துக்குப் பயந்தார்கள் என்ற கதையைவிட, அவர்கள் தம் ஊர் மழையை அளந்து கட்டினார்கள் என்பது அவர்களுக்கு அதிக மரியாதை தருவதாகவே நான் நினைக்கிறேன்.

சுவரைப் பற்றியும் ஒரு பிழையான எண்ணம் உண்டு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய செட்டிநாட்டுப் பூச்சைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பார்கள். மேலிருந்து சிதறும் நீரை அது உண்மையில் நன்றாகத் தாங்கும். ஆனால் சுண்ணாம்பின் பெருமை தண்ணீரைப் புகவிடாமல் அடைப்பதில் இல்லை. உள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடுவதில்தான் இருக்கிறது. சுவரின் தலைப்பகுதியில் கூரைநீர் இறங்கிப் பின்பக்கமிருந்து ஊறத் தொடங்கினால் அந்தப் பளிங்குப் பூச்சும் உப்பிக்கொண்டு பாளம்பாளமாக விழும்.

இப்போது வழக்கத்துக்கு வருவோம். அடுக்கி வைத்த நாட்டு ஓட்டை ஆணியோ சாந்தோ பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பூனையும் அணிலும் ஓடும், குரங்கு குதிக்கும், வேப்பஞ்சருகு மல்லாந்த ஓட்டில் விழுந்து அடைக்கும். இவற்றில் எது நடந்தாலும் தண்ணீர் தன் பாதையை விட்டு மரத்தில் இறங்கும். ஆகவே ஐப்பசிக்கு முன் ஆள் ஏற்றி ஓடு மாற்றுவது தமிழ்நாட்டு ஓட்டுவீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான காரியம். ஓட்டைப் பிரித்து, சருகைத் தள்ளி, உடைந்ததை எடுத்துவிட்டு, நல்லதைத் திரும்ப அடுக்குவது. கூடவே தூம்பைக் குத்திவிடுவது, மூலைத்தகட்டைத் தட்டிப் பார்ப்பது, மட்டப்பாவின் தட்டோட்டுச் சந்துகளில் முளைத்த செடியை வேரோடு பிடுங்குவது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை, ஆனால் எதையும் ஓராண்டு தள்ளிப்போட முடியாது. வீட்டில் கல்யாணமோ மணிவிழாச் சாந்தியோ முன்னோருக்குப் படைப்போ வந்தால் அதற்கு முன் முழு வீட்டையும் வெள்ளையடித்துப் பழுது பார்ப்பார்கள். நகரத்தார் கல்யாணம் ஊர் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சடங்காகவும் பெருமையாகவும் மட்டும் பார்க்கிறோம். கூரையின் பக்கமிருந்து பார்த்தால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் வரவழைத்து, ஒழுகும் இடத்தை அவர்கள் கண்ணாலேயே பார்க்கவைத்த ஏற்பாடு அது. கல்யாணம் சென்னை மண்டபத்துக்குப் போன நாளில் கூரையைப் பார்க்க வருவோரும் நின்றுபோனார்கள்.

அந்த நாள் திடீரென்று வந்துவிடவில்லை. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின் நகரத்தார் அங்கே கடை வைத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ரங்கூனின் மொகல் தெருவில் ஈட்டிய பணம்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு மழையே காணும் கொத்தமங்கலத்தில் தூணாகவும் உத்தரமாகவும் எழுந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1948-இல் சுதந்திர பர்மாவின் அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் எஞ்சிய வணிகமும் போனது. வீடு கட்டிய பணத்தின் ஊற்று அடைபட்டது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனது. வீடோ பங்காளிகள் அனைவருக்கும் பொது. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்குக்காரர்கள். சாவி ஒருவரிடம், பட்டா தாத்தா பெயரில், ஓடு மாற்றும் செலவைப் பிரிக்க எல்லோர் சம்மதமும் வேண்டும். ஒழுக்கு அதுவரை காத்திருக்காது.

ஒழுக்கின் போக்கு அநேகமாக எங்கும் ஒன்றுதான். மூலைத்தகடு துருப்பிடிக்கிறது. அங்கே இறங்கும் நீர் சுவரின் தலையில் பதித்த உத்தரத்தின் முனையை நனைக்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நிலைத்துவிட்டால் பூஞ்சை பற்றும். வைரம் பாய்ந்த தேக்கு நெடுநாள் எதிர்த்து நிற்கும், ஓட்டைத் தாங்கும் மற்ற சட்டங்கள் அவ்வளவு நாள் தாங்கா. ஒரு சட்டம் தாழ்ந்தால் ஓடு சரியும், ஓடு சரிந்தால் பத்து இடத்தில் ஒழுகும். இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் நல்ல மனத்தோடு வந்து சிமெண்டு பூசுவார். என் கணிப்பில் மழை செய்ததற்குச் சற்றும் குறையாத கேட்டை இந்த நல்லெண்ணம் செய்திருக்கிறது. சிமெண்டு இறுகியது, விறைப்பானது. அடியில் இருக்கும் சுண்ணாம்புச் சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் அசையும்போது அது வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் சிமெண்டுத் தோலுக்கு வெளியே ஆவியாக முடியாமல் உள்ளேயே நின்று உப்பைக் கரைத்துச் செங்கல்லை மாவாக்கும். வெளியே சுவர் காய்ந்தே தெரியும். அப்படி ஓய்ந்துபோன வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பாடம், அந்த வீட்டின் ஓட்டில் ஏறி இறங்கியவரின் குடிசைக்கு மழை என்ன செய்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேட்டுத்தெருவின் தண்ணீர் வடிந்து போன திசையில்தான் பல ஊர்களில் உழைப்பவரின் குடியிருப்பு இருந்தது. உயர்ந்த மேடையும் சுண்ணாம்பும் அவர்களுக்கு எட்டவில்லை. மண்சுவரையும் பனையோலையையும் கொண்டு அவர்கள் கண்ட வழி, கூரையின் இறவானத்தை ஆள் குனிந்து போகும் அளவுக்குத் தாழ இறக்கி, சாரல் சுவரைத் தொடாமல் காப்பது. அதுவும் ஆண்டுதோறும் ஓலை மாற்றும் உழைப்பால் நின்றதே. ஆனால் அடுத்தவர் மேட்டில் தேக்கும் தண்ணீருக்கு அந்த உழைப்பு ஈடுகொடுக்காது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று அண்டையிலிருந்த தலித் மக்களின் ஓட்டுவீடுகள்மேல் சாய்ந்து 17 பேர் உறங்கியபடியே இறந்தார்கள். ஊறிய சுவர் எடை கூடிப் பிடிப்பு இழந்து நிற்கும், அதன் பின்னால் தேங்கும் நீர் வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைத் தள்ளும். தண்ணீருக்கு வழிவிடும் அறிவு தன் வீட்டு எல்லையோடு நின்றுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஆபத்து. செட்டிநாட்டு ஏற்பாட்டின் மேன்மை ஊருணி வரை போனதில் இருந்தது. ஊர் முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்காததில் அதன் குறையும் இருந்தது.

இன்னொரு மறுப்பு, இன்றைய மழை அன்றைய மழை இல்லை என்பது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தின் தோப்புகளையும் கூரைகளையும் வாரிப்போட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சிவகங்கைச் சீமையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது கூடுதல். அந்த அளவு மழையை எந்தத் தூம்பும் விழுங்காது, உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் தண்ணீர் ஏறுவது அப்படிப்பட்ட நாளில் மட்டும்தானா? சாதாரண ஐப்பசி மழைக்கே ஏறுகிறது. பழைய சாலையின்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, நாலு படி ஏறிப்போன வீடு இரண்டு படியாகி, தூம்பின் வாய் சாலைக்குக் கீழே போய்விட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதியது போட வேண்டும் என்று 2021 மே மாதம் அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிடும் அளவுக்கு இது தமிழ்நாடு முழுவதும் முற்றியிருந்தது. வரத்துக்காலில் வீட்டுமனை விழுந்தது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினோம். குழாய் வந்தது, அதை ஆண்டுக்கொருமுறை தூர்வாரும் பழக்கம் பல வீடுகளில் சட்டத்தோடு கூட வரவில்லை. பெருமழைக்கு அரசின் எச்சரிக்கையும் மேட்டு இடமும்தான் துணை. ஆண்டுதோறும் வரும் மழைக்குப் பழைய ஏற்பாடு இன்றும் போதுமானது.

அன்றைய வீட்டுக்கு இல்லாத ஓர் ஆபத்து இன்று உண்டு, மின்சாரம். நனைந்த சுவருக்குள் ஓடும் கம்பியும் ஈரம் ஏறிய சுவிட்சுப் பலகையும் கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்குமுன், காலும் கையும் காய்ந்திருக்கும்போதே, மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக்கூடாது. மின்கசிவைக் கண்டதும் தானே துண்டிக்கும் கருவியைப் பழைய வீடுகளில் பொருத்துவது தூணுக்கு மெருகு போடுவதைவிட அவசரம். உப்பிய கூரையின் கீழும் சாய்ந்த சுவரின் ஓரத்திலும் மழை நாளில் படுக்கக்கூடாது, மழை விட்டபின் ஓரிரு நாளும் கூடாது. ஊறிய சுவர் வெயில் வந்தபிறகும் விழும். தாழ்ந்த சட்டத்துக்கு உடனே முட்டுக் கொடுக்கலாம், ஈரத்தோடு இருக்கும் ஓட்டின்மேல் ஏறக்கூடாது. காயவைப்பதில் பழைய வீடே வழி காட்டுகிறது. முகப்பிலிருந்து கடைசிக்கட்டு வரை கதவுகள் நேர்வரிசையில் நிற்பது காற்று ஊடறுத்துப் போவதற்கே. எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சுவரை அதன் போக்கில் வாரக்கணக்கில் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூச வேண்டும். ஈரத்தின்மேல் பெயிண்டு அடித்துக் கறையை மறைப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும்.

2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது கொத்தமங்கலமும் அதில் இருந்தது. இந்த ஊரின் சாரதா விலாஸ் 1910-இல் கட்டிய வீடு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் அதைப் பழுது நீக்கித் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். ஆள் புழங்கும் வீட்டில் ஒழுக்கு அன்றே கண்ணில் படும் என்பதால், விடுதியாவது ஒரு வீட்டுக்கு நல்ல விதி என்றே சொல்லலாம். எல்லா வீடும் விடுதியாக முடியாது. பங்காளிகள் ஒரு சிறு தொகையைக் கூரைக்கென்று பொதுவில் போட்டு, ஆவணியில் ஓடு மாற்ற ஆள் சொல்லிவிட்டால் மற்ற வீடுகளும் நிற்கும். அந்த ஆளும் ஓடும்தான் இப்போது அரிது. நாட்டு ஓடு வனையும் சூளைகள் அருகிவிட்டதால், இடிக்கும் வீட்டின் ஓட்டை எண்ணி வாங்கிவந்துதான் நிற்கும் வீட்டின் கூரையை அடைக்கிறார்கள்.